அண்ணன் மேசையைத் தட்டினால்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டில் யாரும் உடனே கை கழுவ எழுந்துவிட மாட்டோம். அண்ணன் விரல் முட்டியால் மேசையை மூன்று முறை தட்டுவான். தட்டினால் கேள்வி வருகிறது என்று அர்த்தம். கேள்வி எப்போதும் ஒன்றுதான். நாங்கள் சின்ன வயதில் டிவியில் பார்த்து, பிறகு உலகமே மறந்துபோன ஏதோ ஒரு நிகழ்ச்சியை மூன்று குறிப்புகளில் சொல்வான். அது எது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

"முதல் க்ளூ, ஹீரோ ஒரு ஒட்டகம். ரெண்டாவது க்ளூ, அவன் டாக்டர், ஆனா ஊசின்னா அவனுக்கே பயம். மூணாவது, கதை முடியறப்போ எப்பவும் மழை பெய்யும்."

"மழை டாக்டர்," என்று அவன் மகள் கையைத் தூக்கிவிடுவாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நின்றுபோன கார்ட்டூன் அது. ஒரு காட்சிகூட அவள் பார்த்ததில்லை. ஆனால் அப்பன் சொல்லிச் சொல்லியே எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அண்ணி கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டு ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிதான் தெரியும் என்பார். அதனால் எந்தக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னதில்லை. ஆனாலும் விடாமல் சொல்வார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது விதி. அண்ணிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பதால் பெரும்பாலும் அது நானாக இருக்கும்.

மழை டாக்டர் என்று உண்மையில் எந்த நிகழ்ச்சியும் கிடையாது. அது அண்ணன் வைத்த பெயர். ஞாயிறு காலை நல்ல நிகழ்ச்சிகள் ஓடும் நேரத்தில் நாங்கள் ஆராதனையில் உட்கார்ந்திருப்போம். ஆயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும், அம்மா யாரிடமாவது பேச்சுக் கொடுத்து நிற்கும்போதே நாங்கள் இரண்டு பேரும் லிங்கராஜபுரம் சந்துகளில் ஓடி வந்து பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்குவோம். அதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்கும். தலைப்பு போடும் நேரத்தில் நாங்கள் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. அதனால் எதற்கும் எங்களுக்குப் பெயர் தெரியாது. கடைசியில் எழுத்துகள் ஓடும்போது போடும் பாட்டு மட்டும் நன்றாகத் தெரியும். அதுவும் இந்தியில் இருக்கும். எங்களுக்கு அப்போது இந்தி வராது. என்னைவிட மூன்று வயது மூத்தவன் என்ற ஒரே தகுதியில் அண்ணன் தங்கை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வான். அது முழுக்க அவன் சொந்தச் சரக்கு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

பிற்பாடு அவன் மகள் இணையத்தில் தேடி ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளின் நிஜப் பெயரைக் கண்டுபிடித்து வந்தாள். அண்ணன் அவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர்கள் வைத்த பெயர், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டான். சரியான விடை என்பது எப்போதும் அவன் வைத்த பெயர்தான். அதை முடிவு செய்கிறவனும் அவன் ஒருவன்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, அவனுடைய கடையில் அது நடந்தது. மெயின் ரோட்டில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நாள் முழுக்க பேசிக்கொண்டே இருக்கும் வேலை. மெக்கானிக்குகளிடம் உருது, வாடிக்கையாளர்களிடம் கன்னடம், பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுவான். அன்றைக்கு ஒருவர் வந்து கிளட்ச் கேபிள் கேட்டிருக்கிறார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை," என்றிருக்கிறான். சரக்கு நாளைக்குத்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்து அந்த மனிதர் போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, கடை ஏன் மூடியிருக்கிறது என்று பக்கத்துக் கடையில் கேட்டாராம்.

பக்கத்து பேக்கரிக்காரர்தான் அண்ணனின் வாய் ஒருபக்கம் கோணியிருப்பதைக் கவனித்து அண்ணிக்குப் போன் செய்தார். நான் வைட்ஃபீல்டில் ஆபீஸில் இருந்தேன். சம்பளப் பிரிவில் வேலை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மெட்ரோ ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூளையில் இடதுபக்கம் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது, பேச்சு இருக்கும் இடம் அதுதான் என்று டாக்டர் அண்ணியிடம் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி, திரும்ப வருமா என்பதுதான். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கால் முதலில் வந்தது. கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தான். வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வெள்ளிக்கிழமை, பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் வெள்ளிக்கிழமை, மகளைக் கூப்பிட்டாலும் அதுதான். அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் அது தவறு என்று அவனுக்குத் தெரிந்துவிடும். முகம் சுருங்கும். இன்னொரு முறை முயற்சி செய்வான். மறுபடியும் அதே வரும். அவன் புத்தி அப்படியே இருந்தது. நாங்கள் பேசுவது எல்லாம் புரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். கன்னடக்காரர். முதல்நாள் எங்களிடம் அவர் கேட்டது, இவருடைய மொழி எது என்று. சாதாரணக் கேள்விதான். ஒரு மொழியைச் சொல்லி நிறுத்த எங்களால் முடியவில்லை. வீட்டில் தமிழ் என்றார் அண்ணி. கடையில் கன்னடமும் உருதும் என்றேன் நான். பேப்பர் படிப்பது இங்கிலீஷில். வேதம் வாசிப்பது தமிழில். போல்ட் எண்ணுவது கன்னடத்தில். கோபம் வந்தால் தமிழ், ரொம்பக் கோபம் வந்தால் உருது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, அப்படியானால் எந்த மொழியில் எது முதலில் வந்தாலும் வாங்கிக்கொள்வோம், இதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அவனை ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். எல்லோரும் எழுந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது என் இடதுபக்கம் ஒரு குரல் கேட்டது. அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சொல் தவறவில்லை. ஆமென் வரைக்கும் முழுதாகச் சொல்லி முடித்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சபை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவன் எதிரே முட்டிபோட்டு, இன்னொரு முறை சொல்லுங்க என்று கெஞ்சினார். அவன் வாயைத் திறந்தான். வெள்ளிக்கிழமை என்று வந்தது.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டோம். பாட்டு, ஜெபம், வாய்ப்பாடு போல மனப்பாடமாக இருப்பவை வேறு வழியாக வரும், நாமாக யோசித்துப் பேசுவது வேறு வழி, அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது என்று விளக்கினார். அண்ணன் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் அவளே மேசையை மூன்று முறை தட்டினாள்.

"டாடி, முதல் க்ளூ. ஹீரோ ஒரு ஆமை. ரெண்டாவது க்ளூ, அவரு ரயில் ஓட்டறாரு."

மூன்றாவது குறிப்பு தேவைப்படவில்லை. அண்ணனின் கண் மாறியது. வாயைத் திறந்து, "வெள்" என்று ஆரம்பித்து, பட்டென்று மூடிக்கொண்டான். பிறகு மூக்கால் முனகினான். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அவன் மறுபடி முனகியபோது அந்த ஜன்னல் கம்பியின் துரு வாசனைவரை எனக்குத் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் எழுத்துகள் ஓடும்போது போடும் அந்தப் பாட்டு. அடுத்த வரிக்கு அவன் போனபோது சொற்களே வந்தன. இந்திச் சொற்கள், தெளிவாக.

"லேட் ரயில்," என்றேன்.

அவன் இடது கையால் மேசையை ஓங்கித் தட்டிச் சிரித்தான். தானே பதில் சொல்லிவிட்டது போன்ற சிரிப்பு. அன்றைக்கு வரிசையாக ஐந்தாறு நிகழ்ச்சிகள் ஓடின. மகள் குறிப்பு கொடுப்பாள், அவன் பாடுவான், நான் பெயரைச் சொல்வேன். அவனுக்கும் அவன் சொல்ல நினைப்பதற்கும் நடுவில் நான் ஒரு குழாய் மாதிரி இருந்தேன். அந்தச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் சந்தோஷமாகப் போயின என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தோம்.

அப்படி ஒரு ஞாயிறு. ஆட்டுக்கறிக் குழம்பு. அண்ணன் கறியைத் தொடவில்லை, சோற்றைப் பிசைந்து கொஞ்சம் விழுங்கினான். காலையில் தாமதமாக எழுந்ததால் பசியில்லை என்று நினைத்தோம். நாங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் இடது கையால் மேசையைத் தட்டினான். மூன்று முறை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவனாகத் தட்டுவது அதுதான் முதல் தடவை. மகள் எழுந்தே நின்றுவிட்டாள். "டாடி கேள்வி கேக்கறாரு," என்றாள்.

அவன் இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஆள்காட்டி விரலால் காற்றில் குத்திக் குத்திக் காட்டினான், வேகமாக. பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

குறிப்புகள் வந்துவிட்டன. நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். கன்னத்தில் கை என்றால் தூக்கம், ஆகவே எப்போதும் தூங்கும் ராஜா வரும் கார்ட்டூன் என்றாள் மகள். இல்லை என்று தலையாட்டினான். விரலால் குத்துவதைப் பார்த்து, தையல் கடை நாடகம் என்றேன் நான். இல்லை. ஒரு கண் மூடியிருப்பதால், கண்ணடித்துக்கொண்டே இருக்கும் வாட்ச்மேன் நாடகம் என்றாள் மகள். இல்லை. தலையை ஆட்டியதைப் பார்த்து, குடை வீடு நாடகத்தில் வரும் வீட்டுக்காரருக்கு எப்போதும் தலைவலி வருமே, அதுதான் இது என்றார் அண்ணி. குடை வீட்டுக்காரருக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை என்று மகள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்து காட்டினான். கை, கண், விரல், தலை. பாட்டுப் பாடு, பாட்டுப் பாடு என்று நான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. எப்போதும் கண்டுபிடிக்கத் தெரியாத என்னிடம் அவனுக்கு வரும் பழைய எரிச்சல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

என் போனை எடுத்து அவன் செய்வதை வீடியோ எடுத்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குரூப்பில் போட்டேன். அண்ணன் மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான், யாராவது கண்டுபிடியுங்கள் என்று எழுதினேன். ஓசூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பதில்கள் வர ஆரம்பித்தன. கைதட்டும் படங்களும் இதயங்களும் வந்தன. வந்த பெயர்களை நான் ஒவ்வொன்றாக அவனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டான்.

திடீரென்று கையை விரித்து மேசையில் அறைந்தான். தட்டு நழுவிக் கீழே விழுந்தது. குழம்பு தரையெல்லாம் தெறித்தது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று சத்தமாகச் சொன்னான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கம்பை எடுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

"ஸாரி டாடி, எங்களுக்குத்தான் தெரியல," என்று கதவருகே நின்று மகள் சொன்னாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தரையைத் துடைத்தேன். விளையாட்டில் தோற்றதற்கு அவன் இப்படி அழுவானா என்று எனக்குள் ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. வந்த சந்தேகத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியவில்லை. பேச முடியாத மனுஷன், அழுகை சீக்கிரம் வருகிறது, டாக்டர்கூட அப்படி வரும் என்று சொல்லியிருந்தாரே என்று முடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் மெட்ரோவில் வந்துகொண்டிருக்கும்போது அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குக் காய்ச்சல், முகம் ஒருபக்கம் வீங்கியிருக்கிறது என்றார். இன்னொரு அடைப்பு என்றுதான் நினைத்தேன். ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் அண்ணி போன் டார்ச்சை அடித்து அவன் வாயைத் திறந்து பார்த்திருந்தார். கீழ்க்கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு கறுத்து உப்பியிருந்தது.

கம்மனஹள்ளியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சீழ் பிடித்திருக்கிறது, இன்றைக்கு நேற்று வந்தது இல்லை என்றார் அந்த அம்மா. எத்தனை நாளாக வலிக்கிறது என்று அண்ணனிடமே கேட்டார். அவன் நான்கு விரலைக் காட்டினான். பிறகு ஐந்து காட்டினான். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான், நான் சொல்வேன் என்பது போல. எனக்கு என்ன தெரியும்.

"பக்கத்துலயே படுத்துக்கினு இருக்கேன்," என்றார் அண்ணி. "எனக்கே தெரியலியே."

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவன் மாத்திரை சாப்பிடுகிறான். பிடுங்கினால் ரத்தம் நிற்காது. மூளை டாக்டரைக் கேட்காமல் தொட மாட்டேன் என்றார். மூளை டாக்டர் ஊரில் இல்லை. கிருமிக்கு மாத்திரையும் வலிக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். ஆட்டோவில் அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினான். நேற்று மேசையில் செய்த அதே சைகை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் குரூப்பில் இன்னும் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. துபாயிலிருக்கும் பெரியம்மா மகன் நான்கு விடைகள் எழுதி, கடைசியில் சரியான விடை என்ன, சஸ்பென்ஸ் தாங்கவில்லை என்று கேட்டிருந்தான். பல் என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

அந்த வீடியோவை நான் பிறகு பலமுறை பார்த்தேன். எந்தக் குழந்தைக்குக் காட்டினாலும் பல்வலி என்று சொல்லிவிடும். கன்னத்தைப் பிடிக்கிறான், வலியில் கண் மூடுகிறது, விண்விண் என்று குத்துகிறது என்று விரலால் காட்டுகிறான். பின்னால் என் குரல் கேட்கிறது, தையல் கடை, தையல் கடை என்று. அவன் மூன்று முறை தட்டியிருக்காவிட்டால் எங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களைக் கூப்பிட அவனிடம் வேறு வழியும் இல்லை.

அதே வாரம் ஆபீஸில், மதியம் கான்ஃபரன்ஸ் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஏதோ உற்சாகப்படுத்தும் நிகழ்ச்சி. திரையில் குறிப்புகள் வரும், பழைய கார்ட்டூன்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மாற்றல் கேட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சேலத்திலிருந்து வேலைக்கு வந்தவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விரலைச் சொடுக்கினாள். "ஐயோ, தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, பேரு வர மாட்டேங்குது," என்றாள். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த நிமிஷமே அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் எங்களைத் திட்டவில்லை. இப்படி நடக்கும் என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். படங்கள் ஒட்டிய ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி, மாத்திரை, குளிர், வேண்டாம். வலிக்கு வரைந்திருந்த முகம் பார்ப்பதற்குக் கார்ட்டூன் மாதிரியே இருந்தது. அண்ணன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு டிவிக்குப் பின்னால் சொருகினான். அண்ணி எடுத்து மேசையில் வைத்தார். மறுபடி சொருகினான். இரவும் பகலும் அந்த அட்டை டிவிக்கும் மேசைக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் மாத்திரை நேரம் தவறிய ஒருநாள் அவனே போய் அதை எடுத்து வந்து வலிமேல் விரலை வைத்தான் என்று அண்ணி சொன்னார்.

மூளை டாக்டர் ஒருவழியாகத் திரும்பி வந்து மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் வடிந்தது. விளையாட்டு நின்றுபோயிற்று. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் உடனே எழுந்து கை கழுவினோம். மகள் ஒருமுறை மெதுவாக மேசையைத் தட்டிப் பார்த்தாள். அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

சில மாதங்களில் சொற்கள் ஒன்றிரண்டு வந்தன. முதலில் வந்தது கன்னடத்தில். அண்ணி சோறு போட்டுக்கொண்டே இருக்கையில், "சாக்கு," என்றான். போதும் என்று. அண்ணி கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, பாப்பா என்று வந்தது. சின்ன வயதில் அவன் என்னைக் கூப்பிடும் பெயர் அது. எனக்கு மட்டும் என்று பெருமைப்பட முடியவில்லை. அண்ணியையும் பாப்பா என்றான், மகளையும், தண்ணீர் லாரிக்காரரையும் அப்படியே கூப்பிட்டான். அந்தப் பழைய ஒற்றைச் சொல் குறைந்துகொண்டே வந்தது. அவசரத்தில் இப்போதும் எப்போதாவது வருகிறது. அண்ணி காலை வேளையில் கடையைத் திறக்கிறார். சில நாட்கள் அண்ணனும் போய் உள்ளே உட்கார்கிறான். யாராவது எதையாவது கேட்டால் அது இருக்கும் ராக்கைக் கம்பால் காட்டுகிறான். தப்பாகக் காட்டியதில்லை என்கிறார் அண்ணி.

இந்த வருஷம் கோடை மழை ஆரம்பித்த சமயம். ஞாயிறு மதியம். அண்ணன் மேசையைத் தட்டினான், மூன்று முறை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் போய் அட்டையை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். தண்ணீரா, பாத்ரூமா, குளிருகிறதா என்று அண்ணி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். அவன் பொறுமையாக எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினான். பிறகு அட்டையைத் தள்ளிவிட்டு, அணைந்திருந்த டிவியைக் கையால் காட்டினான். மறுபடியும் காட்டினான்.

"கேள்விதான் அத்தை," என்றாள் மகள்.

அவன் பாட ஆரம்பித்தான். நீளமான மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் விசில் வந்தது. சொற்கள் இல்லை. அண்ணிக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரியும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மகள் எல்லா நிகழ்ச்சிகளையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதை டாடி ஒருநாளும் சொன்னதில்லை என்றாள். போனில் மெட்டைக் கேட்டுப் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதே, அதைத் திறந்து அவன் வாயருகில் பிடித்தாள். ஏதோ ஒரு கல்யாணப் பாட்டைக் காட்டியது. அண்ணன் போனை விலக்கினான். அவன் அவர்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. என்னை மட்டும் பார்த்துப் பாடினான். அந்த ஜன்னலில் அவன் பக்கத்தில் தொங்கியது நான் ஒருத்திதான்.

எனக்கு நினைவில்லை. விசில் வரும் இடத்தில் ஏதோ வருவது போல இருந்தது, ஆனால் அது அவன் இப்போது பாடிக் கேட்டதால் வந்ததா, அப்போது கேட்டதா என்று பிரிக்க முடியவில்லை. அவன் மூன்றாவது முறை பாடியபோது தாங்க முடியாமல் பொய் சொன்னேன்.

"ஆமாண்ணா. ஞாபகம் வந்துடுச்சு."

அவன் முகம் மலர்ந்தது. பாடுவதை நிறுத்திவிட்டு, புருவத்தைத் தூக்கி, சொல்லு என்பது போலக் காத்திருந்தான். அவனுக்கு வேண்டியது பெயர். அவன் வைத்த பெயர், எங்கேயோ அவனுக்குள் மாட்டிக்கொண்டு அவனாலேயே எடுக்க முடியாத பெயர். அதை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். எதையாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். எதுவும் வரவில்லை.

"தெரியலண்ணா," என்றேன். "பொய் சொல்லிட்டேன். எனக்கு ஞாபகமில்ல."

முன்பென்றால் ஒரு வாரம் என்னைக் கேலி செய்திருப்பான். இப்போது அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, "பாப்பா," என்றான். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தான். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி. அண்ணி எங்களைச் சுற்றியிருந்த தட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஓசூர்க்காரர்களிடமும் துபாய்க்காரனிடமும் கேட்டுவிட்டேன். அவர்கள் தெரியவில்லை என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள், யாரும் ஊகித்து எழுதவில்லை. மெட்ரோவில் போகும்போது அந்த மெட்டை எனக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். சில நாட்கள் கே.ஆர். புரம் ஸ்டேஷன் வருவதற்குள் விசில் வரும் இடம் தாண்டி மறந்துபோகிறது.

இந்த ஞாயிறும் தட்டினான். அட்டையைக் காட்டினோம், தள்ளிவிட்டான். டிவியைக் காட்டினான், பாடினான். நான் இரண்டு பெயர்கள் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் இல்லை என்று தலையாட்டினான்.